முட்டிக்கு எத்தனை மார்க்?

வனஜாவின் புது முட்டி நூற்றுக்கு முப்பத்திரண்டுதான் வாங்கியிருந்தது. டாக்டர் சிவசங்கரன் மறுபடியும் கூட்டிப் பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் ஃபெயில்தான்.

பெங்களூருக்கு வந்து அவர் தனியாகச் செய்த முதல் மூட்டு மாற்று ஆபரேஷன் அது. எக்ஸ்ரேயைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தார். தலைமை டாக்டர் பெர்னார்ட் அதற்கெல்லாம் மசியவில்லை.

"எக்ஸ்ரே கிடக்கட்டும். பேஷன்ட் என்ன சொல்றாங்க? அந்த மார்க் தேறினாத்தான் அடுத்த முட்டி உங்க கைக்கு வரும்."

வெளிநாட்டில் இப்போது அப்படித்தானாம்; கேள்வித்தாளில் நோயாளி போடும் டிக்கை வைத்துத்தான் மார்க். சிவசங்கரனும் ஆசை ஆசையாகக் கேள்விகளைத் தமிழில் பெயர்த்து, வீட்டில் நிதானமாக நிரப்பி எடுத்து வரும்படி கொடுத்திருந்தார்.

"வலி இருக்காம்மா?"

"இன்னா வலி டாக்டர்? ஜம்முனு கீறேன். மர்பி டவுன்லேர்ந்து பஸ்ல நின்னுக்கினே வந்தேன்."

டாக்டர் மனசு நோகக் கூடாதே என்று நோயாளிகள் நேரில் பொய் சொல்வார்கள், தாளில்தான் உண்மை வரும் என்று அவர் படித்திருந்தார். இந்த அம்மாளின் நல்ல மனசை நினைத்து உருகிப்போனார்.

"தினம் காலைல அல்சூர் ஏரிப் பக்கம் நடங்க. தனியா வேணாம், வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க."

அடுத்த தடவை மார்க் இன்னும் இறங்கியது.

"வீட்டு வேலை ஜாஸ்தியோ? இனிமே தண்ணிக் குடம், மார்க்கெட் பை எல்லாம் அவரே தூக்கட்டும். மொட்டை மாடில துணி காயப்போடறதும் அவரே."

கதவோரம் நின்றிருந்த கணவர் இராஜமாணிக்கம், "ஐயோ!" என்றார். சிவசங்கரன் அவரை எரித்துவிடுவது போல் பார்த்தார். பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்ய என்ன வலிக்கிறது இந்த மனுஷனுக்கு?

அதற்கடுத்த மார்க் பாதாளத்துக்கே போய்விட்டது. பெர்னார்ட் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"திறந்து பார்த்துடலாம்."

சிவசங்கரன் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தார். நன்றாகப் பொருந்திய முட்டியைத் திறப்பதா? உடனே வனஜாவுக்குச் சொல்லி அனுப்பினார். அன்று லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. இருந்தும் விறுவிறுவென்று மாடியேறி வந்து நின்றாள். பின்னால் படியேறிக்கொண்டிருந்த இராஜமாணிக்கம் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும் போலிருந்தது.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்கம்மா, உங்க காலாச்சே! மாடி ஏறினா வலிக்குதா?"

"இப்பத்தானே ஏறி வந்தேன்? ஒண்ணும் வலிக்கல."

"அப்ப இது என்ன?" பரிதாபமாகத் தாளை நீட்டினார். "'நீங்கள் மாடி ஏறும்போது எப்படி இருக்கிறது?' 'தாங்க முடியாத வலி'ன்னு டிக் போட்டிருக்கீங்களே!"

வனஜா தாளைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"அது அவரு காலு டாக்டர். எங்க வீட்ல 'நீங்க'ன்னா அவரு ஒருத்தருதானே?"