தன் பெயருக்கு லேபல் ஒட்டாதவர்

பினாங்குத் தீவில் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் லேபல் ஒட்டிவிட்டு, தன்னை மட்டும் விட்டுவிட்ட ஒரே மனிதர் எங்கள் லேபல் அண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வருடம் அவரோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த எனக்கே அவருடைய நிஜப் பெயர் தெரியாது.

சூலியா தெருவில் ஒரு பணமாற்றுக் கடைக்கு மேலே வீடு. ஓர் அறையில் நான், மற்றதில் அவர். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளின் லேபல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அந்த வேலை அவர் பின்னாலேயே வீடு வரை வந்துவிட்டது. ஐஸ்பெட்டியைத் திறந்தால் பால் டப்பாவில் இருக்கும்: "தலைப்பு: பால். ஆக்கியவர்: மாடு. பயனாளர்: இருவரும். நிபந்தனை: முடித்தவர் வாங்கி வைக்கவும்." குளியலறைக் கதவில், "தேவைப்படும் நேரம்: பத்து நிமிடம்." பதினோராவது நிமிடத்தில் வெளியே வந்தால் வாசலில் நின்று லேபலைத் தட்டிக் காட்டுவார்.

இதெல்லாம் சும்மா கை பழக்கிக்கொள்ள. நிஜ ஊழியம் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்து மேசையில் இருந்த பழைய மடிக்கணினியில் நடந்தது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் இணையத்தில் அங்கங்கே இலவசமாகப் போட்டுவைக்கும் பயிற்சித்தாள், காணொளி எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் மெட்டாடேட்டா, அதாவது விவரக் குறிப்பு எழுதுவார். என்ன பாடம், எந்த ஆண்டு மாணவருக்கு, எவ்வளவு நேரம் பிடிக்கும், யார் ஆக்கியது, யார் எடுத்துக்கொள்ளலாம். அதை முதலாளி என்று ஒருவர் இல்லாத சமூக வலைத்தளத்தில் வெளியிடுவார். அங்கே ஆளாளுக்குச் சொந்தமாக ஒரு தளம் வைத்துக்கொள்ளலாம். தளங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும். அண்ணனின் தளத்தில் குடியிருந்தது அண்ணன் ஒருவர்தான்.

"யாருண்ணே இதெல்லாம் படிக்கிறா?"

"தாளு இருக்குலா தம்பி. ஆனா இருக்குன்னு யாருக்கும் தெரியலயே. ஒரு டீச்சர் தேடித் தேடி ஓஞ்சி போவாங்க, பக்கத்து ஸ்கூல்லயே கெடக்கும்."

"யாராச்சும் பதில் போட்டாங்களா?"

"போடுவாங்க."

இரண்டு வருடமாக யாரும் போடவில்லை. பின்தொடர்பவர் என்று ஒரே ஒருவர் இருந்தார். ஆகா, ஒருத்தராவது இருக்கிறாரே என்று தட்டிப் பார்த்தால், அது அண்ணனே சோதனைக்காகத் திறந்த இன்னொரு கணக்கு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தினமும் மாலையில் வேலை முடிந்து வந்து, காலிலிருந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அந்தக் கணினியைத்தான் முதலில் திறப்பார். "இன்னிக்கும் இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் பக்கத்திலேதான் உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் ஒருநாள் செய்தி வந்தது. ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கும் இன்னொரு தளத்தின் நிர்வாகி எழுதியிருந்தார்: "இது தானியங்கிக் கணக்கு போலத் தெரிகிறது. மனிதர் என்றால் தெரிவிக்கவும். இல்லையேல் நாளை முடக்கப்படும்." முடக்கினால் அண்ணனின் குறிப்பு ஒன்றுகூட அந்த ஆசிரியர்கள் கண்ணில் படாது.

"என்னைய மிஷினுங்கிறான்லா தம்பி!" அண்ணன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் வந்தது, அண்ணன்மேல்தான். "பின்ன என்னண்ணே? படம் இல்ல, பேரு இல்ல, ஒரு வணக்கம்கூட கெடையாது. இருவது நிமிஷத்துக்கு ஒரு லேபல். நானா இருந்தாலும் மிஷின்னுதான் நெனப்பேன். மனுஷன் மாதிரி ஏதாச்சும் எழுதுங்கலா!"

ஒரு மணி நேரம் யோசித்தார். இரண்டு குவளை பாலில்லாத கோப்பி ஓ தீர்ந்தது. எட்டிப் பார்த்தேன். "தலைப்பு: வணக்கம். வகை: வாழ்த்து. வயது: அனைவருக்கும். தேவைப்படும் நேரம்: இரண்டு விநாடி."

"அலாமாக்!" தலையில் அடித்துக்கொண்டேன். "ஆக்கியவர் யாருன்னு போடலியே?"

"நான் எதையும் ஆக்கலயே தம்பி. மத்தவங்க ஆக்குனதுக்குத்தானே ஒட்டுறேன்."

பிறகு கீழே ஒரு வரி சேர்த்து, எல்லாரும் பார்க்க வெளியிட்டார்: "பெயர் முக்கியமில்லை. ஆனால் ஆள் இருக்கிறேன்."

மறுநாள் கணக்கு முடக்கப்படவில்லை. மாலையில் அந்தத் தளத்தில் இருக்கும் சுங்கை பாக்காப் ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். "ஐயா, தேடியபோது கிடைத்த உங்கள் குறிப்பைப் பார்த்துத்தான் போன வருடமும் இந்த வருடமும் பின்னம் நடத்தினேன். இயந்திரம் என்று நினைத்து நன்றி சொல்லாமல் இருந்துவிட்டேன். மன்னியுங்கள்."

அண்ணன் அதை மூன்று தடவை படித்தார். பிறகு சுவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வந்துருச்சி தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வேலை மாற்றலில் நான் கோலாலம்பூருக்குக் கிளம்பியபோது வழியனுப்பக்கூட வராமல் ஜுருவுக்குப் போய்விட்டார். மனுஷனா இவர் என்று பேருந்தில் திட்டிக்கொண்டே பையைத் திறந்தால், உள்பக்கம் ஒரு லேபல்: "தலைப்பு: தம்பி. மொழி: சத்தமான தமிழ். நிபந்தனை: எடுத்துச் செல்லலாம். திருப்பிக் கொண்டு வரவும்."

இங்கே என் ஐஸ்பெட்டியில் பாலுக்கு லேபல் கிடையாது. முடித்தது யார் என்று சண்டை போடவும் ஆள் இல்லை. வேலை முடிந்து வந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கணினியில் அண்ணன் இன்றைக்கு என்ன ஒட்டியிருக்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.