மேகவனத்து இளவரசியின் குறிப்பு

தனிநாடு வைத்திருக்கிறவர்களை உங்களுக்குத் தெரியுமோ? பதறாதையுங்கோ, நான் சொல்வது எழுதுகிற கொப்பிக்குள் இருக்கிற நாடு.

கந்தோர் வேலை முடிந்து வந்ததும் சைக்கிளைச் சாத்திவிட்டு, தேத்தண்ணி ஆறுவதும் தெரியாமல், பொருளாதாரத் தடையாலே கொப்பி கிடைப்பதே அருமையான இந்தத் தொண்ணூற்றிரண்டிலும் ஒரு கொப்பி தேடிப் பிடித்து, மலை கீறி, ஆறு கீறி, ஆற்றுக்குள் ஒரு பூதத்தை இறக்கி, பூதத்தோடு மோத ஒரு வீரனையும் தானே உண்டாக்கி, பிறகு அவனை எப்படிக் காப்பாற்றுவது என்று தானே தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிறவி இது. கூட விளையாட ஆள் கிடையாது. தேவையும் இல்லை.

பண்டத்தரிப்புத் தியாகலிங்கத்தார் இதில் முதல் தரம். அவருடைய மேகவனம் என்ற நாட்டில் எதையும் தீர்மானிப்பது ஆறு சோகிகள், தாயம் போடுகிற சோழிகள்தான். வீரன் பிழைப்பானோ? குலுக்கிப் போடுவார். மூன்றுக்கு மேல் மல்லாந்தால் ஓம், இல்லாவிட்டால் இல்லை. விதி என்றால் விதிதானாம். ஆனால் அவருக்குப் பிடித்த வீரன் சாகிற மாதிரி விழுந்தால் மட்டும், காற்றடித்தது, கை வழுக்கினது என்று திருப்பிப் போடுவார். ஆர் கேட்கிறது?

மேகவனத்து இளவரசிக்குச் சாதகக் குறிப்புக் கணித்ததும் இப்படித்தான். பூதம் உலாவும் நாட்டில் குறிப்பு எதற்கு என்கிறீர்களோ? யாழ்ப்பாணத்தான் கட்டின நாட்டில் குறிப்பில்லாமல் கலியாணம் நடக்குமோ? செவ்வாய் நல்ல வீட்டில் விழுமட்டும் பதினொரு தரம் சோகி போட்டு, தனித்தாளில் கட்டம் கீறி, மேசையில் வைத்திருந்தார்.

அவருடைய தங்கை கமலாவதிக்கு வயது முப்பத்திரண்டு. செவ்வாய்க் குற்றம். ஏழு சம்பந்தம் குழம்பிவிட்டது. எட்டாவது மானிப்பாய் மாப்பிள்ளை. வாசிகசாலையில் அவரைக் கண்டு, அவளுக்கும் மனம் இருந்தது. அவளின் குறிப்பை வாங்கத் தரகர் நமசிவாயம் வந்தபோது தியாகலிங்கத்தார் பூதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேசையில் கிடக்குது எடுங்கோ என்று தலை நிமிராமலே சொல்ல, தரகர் மேலே கிடந்த தாளை எடுத்துப் போனார். மூன்றாம் நாள் பல்லெல்லாம் தெரிய வந்தார். பத்துக்கு ஒன்பது பொருத்தமாம். இப்படியொரு சுத்தமான குறிப்பைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று சாத்திரியாரே சொன்னாராம்.

தியாகலிங்கத்தார் மேசையைப் பார்த்தார்; தங்கையின் குறிப்பு அங்கேயே கிடந்தது. தரகர் போனதும் தங்கையைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். சரியான குறிப்பை அனுப்புவதுதான் முறை, விதியோடு விளையாட ஏலாது என்றும் சொன்னார்.

கமலாவதி அவரையும் மேசையில் கிடந்த சோகிகளையும் பார்த்தாள்.

“அண்ணை, உங்கடை இளவரசிக்குப் பதினொரு தரம் போட்டியள். எனக்கு ஒருக்கா மட்டுந்தானோ?”

தியாகலிங்கத்தார் சரியான குறிப்பை எடுத்துக் கொப்பிக்குள் வைத்து மூடினார். உண்மையைக் கமலாவதியே மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, அம்மாவுக்கு மட்டும் சொல்லவேண்டாம் என்றாராம். ஆவணியில் கலியாணம் நடந்தது. மேகவனத்து இளவரசிதான் பாவம், இன்னும் குமராக இருக்கிறாள்.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. போன வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு முன்னால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலமாய்ச் சரை கட்டிப் போட்டுப் பார்த்து, வேண்டாத நிறம் வந்ததும், சரையைச் சரியாகக் குலுக்கவில்லை என்று திரும்பவும் போட்டது ஆர்?