வெயில் ஏற ஏற விலை இறங்கிய என்ஜின்

எனக்கு இறால் விற்கத் தெரியும். வேறெதையும் என்னிடம் கொடுத்து விற்கச் சொல்லக் கூடாது. (விற்கச் சொன்னவர் என் வீட்டுக்காரர். பட்டவரும் அவர்தான்.)

அவர் மெக்கானிக். தோணிரேவு கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வெள்ளைக்காரன் காலத்துக் கார் என்ஜின் ஒன்றை மரச்சட்டத்தில் ஏற்றி, புது பிஸ்டன் மாட்டி, மாசக்கணக்கில் பாடுபட்டு ஓட வைத்திருந்தார். அதை விற்றால்தான் மழைக்கு முன்னே கூரைக்கு ஓடு போட முடியும். அன்றைக்குப் பொன்னேரிக்குக் கிளம்பும்போது, "பழவேற்காட்டு பாய் வருவாரு. நாலாயிரம்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காதே," என்றார்.

பாய் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, "நாலாயிரம்" என்றேன். (கதவிடம்தான் சொன்னேன்.) அவர் பதிலே பேசாமல் என்ஜின் முன்னால் குந்திக்கொண்டு பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

இறால் கூடை முன்னால் ஆள் பேசாமல் நின்றால், அடுத்த கூடைக்கு நகரப் போகிறார் என்று அர்த்தம். வெயில் வேறு ஏறுகிறது. மத்தியானத்துக்குள் தள்ளாவிட்டால் சரக்கு நாறிவிடும்.

"மூவாயிரம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி என்ஜின் பக்கம் குனிந்தார். கை சும்மா இருக்குமா? இறால் கூடைக்குப் போடுவதுபோல் கோணியை நனைத்து வந்து என்ஜின்மேல் போர்த்திவிட்டேன்.

"இன்னா தங்கச்சி, எதுக்கு மூடறே?"

"வெயில் படுது பாய்... ரெண்டாயிரம் குடுங்க. அந்த ஸ்பானர் பெட்டியும் கொசுறா எடுத்துக்கங்க."

"நான் ஒண்ணுமே கேக்கலியே! உண்மையச் சொல்லு, என்ஜின்ல இன்னா கோளாறு?"

"ஒண்ணுமில்ல பாய். ஆயிரத்தைந்நூறு."

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு, ஓடாத குறையாகப் போய்விட்டார்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கூரை போச்சு என்று நான் அழுதேன். திடீரென்று அவர் சிரித்தார். "வாங்காமப் போனாரே, அது போதும்! இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா என்னையும் கொசுறா குடுத்திருப்பே."

உடனே பழவேற்காட்டுக்குப் போய் பாயைக் கையோடு அழைத்து வந்தார். கோணியை எடுத்து, துடைத்து, ஸ்டார்ட் செய்தார். அது போட்ட சத்தத்தில் கோழிகளெல்லாம் வேலி தாண்டின. பாய் முகம் மலர்ந்தது.

"எங்க வாப்பா கார்ல இதே என்ஜின்தான். அந்த நெனப்புல பாத்துகினு இருந்தேன். நாலாயிரத்துக்கே ஒத்துகினு இருப்பேன். தங்கச்சி எறக்க எறக்கத்தான் பயம் வந்துடுச்சி," என்று முழுப் பணத்தையும் கொடுத்தார்.

அந்த ஓடு இன்னும் எங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. போன மாதம் பேரனின் பைக்கைப் பார்க்க ஆள் வந்தபோது, என் மகன் செய்த முதல் வேலை, வீட்டிலிருந்த கோணிகளையெல்லாம் ஒளித்து வைத்ததுதான்.