மாடியை நிறுத்தச் சொன்ன மைத்துனருக்கு

பாரிவாக்கம்,
ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய மைத்துனர் தசரதன் அவர்களுக்கு ஜெயராமன் வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கை சுலோசனாவும் எங்கள் மாடும் நலம். வேலூரில் தங்கள் நலத்தோடு பொருளாதாரத்தின் நலத்தையும் அறிய ஆவல்.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர் சொல்கிறாரே என்று சித்திரையில் மாடி வேலையை நிறுத்தினேன். "நாடே சரியப் போகுது மாப்ளே, இப்ப எவனாவது வீடு கட்டுவானா? என் மாங்காட்டு மனையில ரெண்டு வருஷத்துக்கு ஒரு செங்கல்கூட வைக்க மாட்டேன்" என்றீர்கள். நாடு சரிந்ததா தெரியவில்லை, மச்சான். எங்கள் தெரு சரிந்துவிட்டது. தள்ளிவிட்டவன் நான்தான் என்கிறார்கள்.

நிறுத்தியதும் எப்போது? வாசல்நிலை வைத்து மஞ்சள் பூசிய மறுநாள். சுவரே இல்லாத மாடியில் நிலை மட்டும் நிற்கிறது. சுலோசனா வெள்ளிதோறும் ஏறிப்போய் அதற்குப் பொட்டு வைத்து, நாலு பக்கமும் வெட்டவெளியாக இருக்க, தலையைக் குனிந்து நிலை வழியாகவே உள்ளே போய் வருகிறாள். பக்கத்தில் கட்டிய திருஷ்டி பொம்மைக்கும் வேலை போய்விட்டது, கண்படும்படி அங்கே என்ன இருக்கிறது?

கொத்தனார் திருவேங்கடம் ஆட்களோடு கிளம்பியதும் எதிர் டீக்கடை ஷோபனாவுக்குப் பாதி வியாபாரம் படுத்தது. அவள் பால் வாங்குவதைக் குறைத்தாள். அது யார் வீட்டுப் பால்? நம் மாட்டுப் பால். மாட்டுக்குப் பொருளாதாரம் தெரியுமா, அது பாட்டுக்குக் கறக்கிறது. காலையில் பால்கோவா, மதியம் பாயசம், ராத்திரி பால்சோறு என்று நானே சாப்பிட்டுத் தீர்க்கிறேன். என் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். இதற்கிடையில் ஜெயராமனே நிறுத்திட்டார்னா ஏதோ விஷயம் இருக்கு என்று அடுத்த தெருவில் மூன்று வீடுகள் பாதியில் நின்றுவிட்டன. நம் கீழ்க்கடையில் பெயின்ட் விற்கும் முகமது ஆசிக், வாங்க ஆளில்லாமல் தன் கடைச் சுவருக்கே அடித்துக்கொண்டிருக்கிறார். இது நாலாவது நிறம்.

இதெல்லாம் போகட்டும். இளங்கோவுக்கு ஹைதராபாத்திலிருந்து தை மாதம் சென்னைக்கு மாற்றல் வருகிறது. மாடி முடிந்திருந்தால் உங்களோடு இருப்போம், இல்லாவிட்டால் சோழிங்கநல்லூரில் ஃப்ளாட் பார்த்துவிடுவோம் என்று மருமகள் நிஷா மரியாதையாகத்தான் சொன்னாள். அங்கே போய்விட்டால் பொங்கலுக்கு வரும் விருந்தாளிதான் அவன். எனக்கு அது தாங்காது, மச்சான். உங்கள் தங்கை நேற்று, "எங்க அண்ணன் சொன்னாருன்னு மாடி நிக்குது. எம்புள்ள எங்க வந்து நிப்பான்?" என்று கேட்டாள்.

ஆகவே உங்கள் பேச்சை மீறுகிறேன். நாடு எப்படியாவது போகட்டும், நாளை முதல் வேலை தொடங்கச் சொல்லி திருவேங்கடத்துக்கு ஆள் அனுப்பிவிட்டேன். கோபம் வேண்டாம். மாங்காட்டு அம்மன் தங்கள் குடும்பத்துக்கும் நாட்டு வருமானத்துக்கும் குறை வைக்காமல் காக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பேரன் தினேஷுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத (இன்று வரை)
ஜெயராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் திருவேங்கடமே தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். தை வரைக்கும் இந்தப் பக்கம் வர முடியாதாம். "மாங்காட்ல புது ஊடு அண்ணாத்தே. வேலூர் வாத்தியார் ஒருத்தரு. ஊர்ல வேல இல்லாத நேரம், ஆளு சல்லிசா கெடைக்கும், இப்பவே கட்டிடணும்னு சொல்லிகினு கீறாரு. புதன்கெழம நெல வெக்கிறாங்க" என்றார். கூடப்பிறந்த தங்கையைக் கூப்பிடாமல் நிலை வைக்கும் அண்ணனை எங்கள் பக்கம் நான் கண்டதில்லை. கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், மனையில் நின்றே படித்துக்கொள்ளலாம். சுலோசனா பின்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள், அவள் காதில் எதுவும் விழவில்லை. வியாழக்கிழமை காலை திருவேங்கடம் என் மாடியில் நின்றால், இனியும் விழாது.