மேலாளரின் மௌனமான காது

“ஆம்பளைன்னா அவன் காது இருக்கு பாரு, அது…” என்று மாசானத்தின் பெரியப்பா எதையோ ஆரம்பிப்பார். மீதி மாசானத்துக்கு மறந்துவிட்டது. அந்த மீதியை மனிதவள மேலாளர் வசந்தகுமார் சுற்றறிக்கையாகவே அனுப்பிவிட்டார்.

2013 டிசம்பர். ஒருபால் உறவு குற்றமே என்று தீர்ப்பு வந்த மறுவாரம். காது தானும் மெல்லிய ஒலி எழுப்புமாம். ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாமாம். பத்திரிகையில் இதைப் படித்த வசந்தகுமார் மறுநாளே அந்த ஒலியை அளக்கும் மிஷினுக்கு ஆர்டர் போட்டார். ‘விடுதி ஒழுக்கத்தைப் பேணும் பொருட்டு அனைவரது செவிகளும் பரிசோதிக்கப்படும். ஒலி பிசகினால் அறையும் வேலையும் ரத்து.’

ஒரகடத்து அந்தத் தொழிற்சாலையில் காது டெஸ்ட் எடுக்கும் மருத்துவ உதவியாளன் மாசானம். சுங்குவார்சத்திரம் விடுதியில் அவனும், தகடு அடிக்கும் பிரஸ் லைனில் வேலை பார்க்கும் இசக்கிதுரையும் ஓர் அறை. நாலு வருஷமாக அங்கே கட்டில் இரண்டு. ஒன்றில் துணி மட்டும் மடித்துக் கிடக்கும்.

“சார், அந்த ஆராய்ச்சில பொம்பளைங்க காதுலதான் வித்தியாசம் பாத்திருக்காங்க. அதுவும் சராசரிக் கணக்கு. நம்ம விடுதில அத்தனை பேரும் ஆம்பளைங்க.”

“மிஷினு வந்துட்ச்சிப்பா. வித்தியாசம் இல்லேன்னா ஹெட் ஆபீசுக்கு இன்னா பதில் சொல்றது?”

“எது சரியான காதுன்னு ஒரு அளவு வேணுமே சார்?”

“என் காது கீதே! கல்யாணமாயி ரெண்டு பசங்க. வேற இன்னா சர்டிபிகேட்டு வேணும்?”

மாசானம் மிஷினின் குழாயை அவர் காதில் வைத்தான். திரையில் ஒரு கோடுகூட அசையவில்லை. மேலாளராகும் முன் பதினைந்து வருஷம் பிரஸ் ஷாப் இரைச்சலில் சூப்பர்வைசராக இருந்த காது.

“ஒண்ணுமே வரல சார். காது பழுது…”

“அதுக்குப் பேருதாம்பா ஒழுக்கம்!”

மேற்படி மௌனமே நிர்வாகத்தின் அளவுகோலாக அறிவிக்கப்பட்டது. முதல் நாள் சோதனையில் பிரஸ் லைனின் பழைய ஆட்கள், பாதிச் செவிடர்கள், அனைவரும் உத்தமர்களாகத் தேறினார்கள். நல்ல காதுள்ள ஏழு பேர் பெட்டியைக் கட்டினார்கள். மறுநாள் மொத்தத் தொழிற்சாலையும் காதடைப்பான்களைக் குப்பையில் போட்டது. பாதுகாப்பு வார விழாவில்கூட இத்தனை ஒற்றுமையை யாரும் கண்டதில்லை.

இசக்கிதுரையின் முறை வெள்ளிக்கிழமை. அவன் காதில் அடைப்பானைத் தினமும் மாசானமே வைத்து அனுப்புவான். அதனால் காது கண்ணாடி மாதிரி பழுதில்லாமல் இருந்தது.

“ஏல, நானும் கழத்திருதேன். நீ பத்து நாள் லீவு சொல்லி டெஸ்டைத் தள்ளிப் போடு. அதுக்குள்ள உத்தமனாயிருவேன்.”

“செவிடாயிட்டா நான் பேசுறது எப்படில கேக்கும்?”

“நீ ஏசுறதும் கேக்காதுல்லா?”



வெள்ளிக்கிழமை முதல் குழாயை எவன் காதிலும் வைக்காமல் ஒலியே எழுப்பாத மேஜைமேல் வைத்தே சோதனை எடுப்பதென்று மாசானம் முடிவு செய்தான்.