மேற்கே போன கடல்

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் எண்பதுகளில் நேராகக் காரைக்கால் அரசலாற்றிலேயே கைவைத்தேன்.

செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஆறுகள் எங்கெல்லாம் தடம் மாறின என்று கண்டுபிடிப்பது என் ஆராய்ச்சி. ("ஓடுற ஆத்தையே எவனும் பாக்கல, ஓடாத ஆத்துக்கு ஒரு படிப்பா?" என்பார் அப்பா.) நெரவிப் பக்கம் ஒரு சிற்றூரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் நடந்தார்கள். அரசலாறு முன்பு ஓடிப் புதைந்த மணலில் நல்ல தண்ணீர் இருக்கும், அந்தத் தடம் என் படத்தில் தெரிகிறது என்றேன். "போர் போடுற எடத்தை நீயே காட்டு. தண்ணி நல்லா இல்லன்னா வேற வேலை பாரு" என்று சொல்லிவிட்டார் என் பேராசிரியர்.

டிரேசிங் தாளில் தடத்தையும், அடையாளத்துக்குச் சாலையையும் கடற்கரையையும் நகலெடுத்தேன். அழகு கெட்டுவிடும் என்று ஓர் எழுத்துகூட எழுதவில்லை. ஊர் இருக்கும் பகுதி மட்டும் தெரிய நாலாக மடித்து, ஊர் வரைபடத்தின் மேல் வைத்தேன். சாலை கச்சிதமாகப் பொருந்தியது. சாலைக்குக் கிழக்கே போய், "இங்கேதான்!" என்று குதிகாலால் மண்ணில் குழி போட்டேன். (தோரணையெல்லாம் பகீரதனுடையது.)

மூன்று நாள் போர் இறக்கினார்கள். வந்த தண்ணீரை முதலில் குடித்தவன் நான். அதில் ஊறுகாய் போடலாம். ஊரே பார்க்கிறதே என்று துப்பவும் முடியவில்லை. அப்படியே குழிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. (நாலு அங்குலக் குழி. அதற்கும் வழியில்லை.)

குடம் தூக்கித் தூக்கி இடுப்பு காய்த்துப்போன அஞ்சம்மா அக்கா முன்னால் வந்தார். "அப்படி என்னதான் தம்பி அந்தத் தாளுல இருக்கு? பிரிச்சுக் காட்டுங்க."

ஜீப் பானெட்டின் மேல் முழுவதும் விரித்தேன்.

"இது என்ன கோடு?"

"கடற்கரைங்கக்கா."

"மேல வடக்குதானே?"

"ஆமாங்கக்கா."

"எந்தக் காலத்துல தம்பி நமக்கு மேற்கால கடலு?"

ஊரே சிரித்தது. தாளைக் குப்புறப் போட்டிருந்தேன். (சாலை தெற்கு வடக்காக நேர்கோடு. எப்படிப் போட்டாலும் பொருந்தும்.) புரட்டி, மறுபடி ஊர் வரைபடத்தின் மேல் வைத்தேன். தடம் சாலையைத் தாண்டி, மேற்கே அஞ்சம்மா அக்காவின் கொல்லையில் போய் விழுந்தது.

போர்க்காரர் சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தார். "எறக்குங்கண்ணே, என் கொல்லைதானே? போனா நாலு வாழை" என்று எனக்காக மல்லுக்கு நின்றவர் அக்காதான்.

மறுநாள் மதியம் களிமண் முடிந்து ஆற்றுமணல் வந்தது. பிறகு தண்ணீர். அக்கா ஒரு கை அள்ளிக் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கை குடித்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

"எளநி தம்பி!" என்றார்.

அழுதே விட்டேன். பெண்கள் குலவையிட்டார்கள். சேதி கேட்டு வந்த பேராசிரியர் மணலை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "ஆராய்ச்சிய எழுதுய்யா" என்றார். அன்று என்னைவிட உயரமான மனிதன் காரைக்காலில் இல்லை.

பட்டம் வந்தது, உத்தியோகமும் வந்தது. நல்ல தண்ணீர்க் குழாய்க்கு ஊரார் 'அஞ்சம்மா பைப்பு' என்று பெயர் வைத்தார்கள். மாடு குளிப்பாட்ட விட்டுவைத்த உப்புக் குழாய்க்கு என் பெயர்: 'சேகர் பைப்பு'. என் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா அந்த ஊர்க்காரர். "நீங்க... சேகர் பைப்பு சேகரா?" என்று எழுந்து நின்று கும்பிட்டார். சம்பந்தம் அங்கேயே முடிவாயிற்று.

இப்போது எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் மகள் கையை உதறிவிட்டுக் கத்துகிறாள்: "அம்மா, இது சேகர் பைப்பும்மா!"