கேள்விப் பூட்டு

இனிமேல் அமுதவல்லி தன் கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. செல்லமுத்து முடிவு கட்டிவிட்டார்.

திருச்செங்கோட்டில் முப்பது வருசமாக ரிக் லாரி வைத்துப் போர்வெல் போடுகிற மனுசர். அவர் எழுதும் விலைக் கடிதத்தை அவர் சம்சாரம் திறந்து திருத்துகிறாள். இதை எந்த ஆம்பளை பொறுப்பான்? பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தார். ரெண்டே நாளில் கண்டுபிடித்தாள். லாரி நம்பர், டீசல் பங்க் போன் நம்பர், மகன் நவீன்குமார் பிறந்த தேதி. அவர் மண்டைக்குள் வேறென்ன கிடக்கிறது?

வியாழக்கிழமை மத்தியானம் இணையத்தில் ஒரு வழி கிடைத்தது. உள்ளே நுழையும்போது கம்ப்யூட்டர் முதலில் ஒரு ஃபைலைப் படிக்குமாம். அதன் பேருக்கு முன்னால் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அதற்குள் ஒரு கேள்வி எழுதி வைக்கலாம். பதில் தப்பென்றால் வெளியே தள்ளிவிடும்.

எழுதினார். 'முதல் போர் எத்தனை அடி?'

அந்தப் போர் போட்டது கல்யாணத்துக்கு முன்னால். அவளுக்கு எப்படித் தெரியும்? பதிலையும் எழுதினார். அணைத்தார். அன்றைக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சேந்தமங்கலத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் ஆறு போருக்கு விலை கேட்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்கு. லாரி ரெண்டு மாசமாக ஷெட்டில் தூங்குகிறது. எழுதி வைத்த கடிதமோ கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.

பாஸ்வேர்டு போட்டார். திரை கறுத்தது. மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. போட்டார். கறுத்தது. கேட்டது. தப்பு என்றும் சொல்லவில்லை, உள்ளேயும் விடவில்லை. அவர் எழுதிய கேள்வியையும் காணோம். பதினோரு தடவை ஆயிற்று. வயரைப் பிடுங்கிச் செருகினார். கடைசியில், துளை போடும்போது ராடு சிக்கிக்கொண்டால் செய்வதைச் செய்தார். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி மானிட்டருக்கு முன்னால் வைத்தார்.

அமுதவல்லி முருங்கைக்கீரையோடு வந்தாள்.

"ஏனுங்க, பழம் அறுக்கற அளவுக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. போ."

"உள்ள போயி உள்ள போயி வெளிய வருதுங்களா?"

"ஆமா."

"அந்தப் புள்ளி வெச்ச ஃபைல்ல எதாச்சும் எழுதுனீங்களா?"

செல்லமுத்து சடக்கென்று திரும்பினார். "உனக்கு யாரு சொன்னது?"

"நவீன் சொல்லியிருக்கானுங்க. திரை முழுசா வர்றதுக்கு முந்தியே அதைப் படிக்குமாம். அப்பக் கேள்வி கேட்டா அது நம்ம கண்ணுக்கே தெரியாதுங்க. பதில் வரலீன்னு வெளிய தள்ளிரும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு, எல்லாத்தையும் சேத்து அமுத்துங்க. வெறும் எழுத்து வரும். அங்க கேக்கும்."

அமுத்தினார். பேரும் பாஸ்வேர்டும் கொடுத்தார். கேள்வி வந்தது. அமுதவல்லி எட்டிப் படித்தாள். கீரையை உருவினாள்.

610 என்று அடித்தார். வெளியே தள்ளியது. 720. தள்ளியது. 850. தள்ளியது.

முப்பது வருசமாக அந்தப் போரை ஆளுக்கு ஓர் ஆழம் சொல்லியே காலம் தள்ளியிருக்கிறார். எந்த ஆழத்தை எழுதினோம் என்று தெரியவில்லை. உண்மையான ஆழம் மறந்து வருசக்கணக்காகிறது. மணி பதினொன்றே முக்கால். ஷெட்டில் நிற்கும் லாரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"அமுதா."

"சொல்லுங்க."

"தெரீல புள்ள."

"ரோட்டுல போறவங்களுக்கு அறுநூத்திப் பத்துங்க. பேங்க்காரருக்கு எழுநூத்தி இருவது. எங்கண்ணனுக்கு எண்ணூத்தி அம்பது. இதை எழுதறப்ப யாருகூடப் பேசீட்டு இருந்தீங்க?"

யோசித்தார். "நம்ம சம்பந்தி வந்துட்டுப் போனாரு."

"அவருக்கு எப்பவும் ஆயிரத்தி நூறுங்க."

1100. உள்ளே விட்டது.

அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பழைய திரைக்குத் திரும்பிப் பாஸ்வேர்டு போடச் சொன்னாள். திறந்தது. பதினொன்று ஐம்பத்தாறு. செல்லமுத்து ஓட்டமாக மெயிலைத் திறந்தார்.

விலைக் கடிதம் நேற்றுச் சாயங்காலமே போயிருந்தது. பண்ணைக்காரரிடமிருந்து பதிலும் வந்து கிடந்தது.

"இதை யாரு அனுப்புனது?"

"நாந்தானுங்க, திருத்தி அனுப்புனேன். எம்பேர்ல உள்ள போக நவீன் போன மாசமே தனியா ஒண்ணு போட்டுக் குடுத்துட்டான். உங்க கடிதம், மெயிலு எல்லாம் அதுலயும் தெறக்குமுங்க. நீங்க எழுதுன கேள்வி உங்க பேருக்கு மட்டுந்தானுங்க."

"அப்ப என்னைய எதுக்குக் காலைல இருந்து இந்தப் பாடு படுத்துன?"

"நீங்க எங்கீங்க எங்கிட்டக் கேட்டீங்க?" கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செல்லமுத்து பதிலைத் திறந்து படித்தார். 'ஐயா, வேலை உங்களுக்குத்தான். இத்தனை வருசத்தில் இந்த ஒரு கடிதம்தான் எனக்குப் புரிந்தது.'